தங்கச்சி அயர்லாந்து கிராமத்துக்குப் போகிறாள்: ராயபுரத்திலிருந்து சில நாட்கள்

வெள்ளி, ராயபுரம்

சித்தி மகளுக்கு அயர்லாந்தில் வேலை கிடைத்துவிட்டது. ராஸ்காமன் மாவட்டத்தில், ஊருக்கு வெளியே வயல்வெளி நடுவில் இருக்கும் ஒரு முதியோர் இல்லத்தில் நர்ஸ். நான் பக்கத்து மாவட்டமான மேயோவில் இதே வேலையில் இருக்கிறேன், 2019 ஜூனில் போனவள். மே மாத விடுமுறைக்கு வந்த என்னைச் சித்தி வீடே சுற்றி உட்கார்ந்து கேள்வி கேட்கிறது. பதில்களைத் தினமும் ராத்திரி எழுதி வைத்துவிடலாம் என்று தோன்றியது. ராயபுரம், தண்டையார்பேட்டை, கொருக்குப்பேட்டை என்று இந்தப் பக்கத்திலிருந்து கிளம்ப நிற்கும் நர்சுப் பிள்ளைகள் நிறைய பேர். டப்ளினைப் பற்றிச் சொல்ல ஆள் கிடைப்பார்கள். கிராமத்தைப் பற்றிச் சொல்லத்தான் ஆள் இல்லை.

காகித விஷயத்தை முதலில் சொல்லி முடித்துவிடுகிறேன். அந்த நாட்டு நர்சிங் வாரியத்தில் பதிவு, ஆங்கிலத் தேர்வு, போன பிறகு அந்த ஊர் மருத்துவமனை முறைக்குப் பழக்கும் தழுவல் பயிற்சி அல்லது திறன் தேர்வு, இவையெல்லாம் நகரம் கிராமம் எல்லாவற்றுக்கும் ஒன்றுதான். நர்சுகளுக்குக் கிடைப்பது 'கிரிட்டிக்கல் ஸ்கில்ஸ்' வேலை அனுமதி. 2 வருடம் முடிந்தால் ஸ்டாம்ப் 4 என்ற குடியிருப்பு அனுமதி, அதற்கப்புறம் வேலை அனுமதிச் சீட்டுத் தேவையில்லை. 2024 செப்டம்பரிலிருந்து சட்டம் மாறியிருக்கிறது: 9 மாதம் ஆனதும் வேறு முதலாளியிடம் மாறலாம். ஆள் எடுத்த செலவைச் சம்பளத்தில் பிடிக்க அங்கே சட்டம் இடம் தராது. இதைத் தங்கச்சியிடம் இரண்டு தடவை சொன்னேன். சித்தப்பா ஏற்கெனவே நகையைப் பற்றிப் பேச ஆரம்பித்திருந்தார்.

சனி, ராயபுரம்

"வீடு பெருசா இருக்குமாக்கா?" என்று கேட்டாள். இருக்கும். தோட்டம் இருக்கும், ஜன்னலைத் திறந்தால் மாடு தெரியும். படத்தில் பார்த்துச் சந்தோஷப்படுவதற்கு எல்லாம் இருக்கும். ஆனால் அந்த வீட்டுக்குள் தண்ணீர் எங்கிருந்து வருகிறது, கழிவு எங்கே போகிறது, சூடு எப்படி வருகிறது என்று கேட்காமல் யாரும் வாடகை ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடக் கூடாது.

தண்ணீர்: பல கிராமத்து வீடுகளில் அரசாங்கக் குழாய் கிடையாது. சில ஊர்களில் மக்களே சேர்ந்து நடத்தும் குடிநீர்த் திட்டம் இருக்கும். மற்ற வீடுகளுக்கு வாசலிலேயே ஆழ்துளைக் கிணறும் மின்மோட்டாரும். அந்தத் தண்ணீர் சுத்தமா என்று பார்ப்பது வீட்டுக்காரர் பொறுப்பு, வருடம் ஒரு முறையாவது பரிசோதனை செய்யச் சொல்கிறார்கள். சுற்றிலும் மாட்டுப் பண்ணைகள். சாணிக் கரைசலை டேங்கரில் கொண்டுவந்து புல்வெளியில் அடிப்பார்கள், குளிர்கால மாதங்களில் மட்டும் அதற்குத் தடை. பெருமழை பெய்தால் அது கிணற்றில் இறங்கலாம், ஈ.கோலைக் கிருமி வரலாம். அதனால் பரிசோதனைச் சீட்டைக் கேட்டு வாங்க வேண்டும், புற ஊதா விளக்கு வைத்த வடிகட்டி இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும்.

கழிவு: செப்டிக் டேங்க். நம் பக்கத்து ஆட்களுக்கு இது புதிதில்லை. ஆனால் மூடி எங்கே இருக்கிறது, கடைசியாக எப்போது எடுத்தார்கள் என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

சூடு: வீட்டுக்குப் பின்னால் ஒரு மண்ணெண்ணெய்த் தொட்டி நிற்கும். குறைந்தது 500 லிட்டராகத்தான் பெரும்பாலும் கொண்டுவந்து ஊற்றுவார்கள், ஒரே தடவையில் பெரிய தொகை போகும். முதல் சம்பளம் வருவதற்கு முன்பே அது தீர்ந்துபோனால் என்ன செய்வது என்று யோசித்துக்கொண்டு போக வேண்டும். கூடவே அடுப்பில் எரிக்க டர்ஃப். சதுப்பு நிலத்தில் பல்லாயிரம் வருடமாகப் படிந்த மக்கிய மண்ணைச் செங்கல் போல வெட்டி, கோடையில் ஐந்தாறாக நிறுத்திக் காயவைத்து, கொட்டகையில் அடுக்குவார்கள். 2022 அக்டோபர் கடைசியிலிருந்து கடையிலோ ஆன்லைனிலோ அதை விற்கத் தடை. வெட்டும் உரிமை பரம்பரையாக உள்ள குடும்பங்கள் தங்களுக்கு வெட்டிக்கொள்கிறார்கள், அக்கம்பக்கத்துக்கும் கொடுக்கிறார்கள். ஜூன் மாதத்தில் பக்கத்து வீட்டுக்காரர் நிலத்தில் குனிந்து அதை நிறுத்தி வைத்துக் கொடுத்தேன். முதுகு இரண்டு நாள் வலித்தது. அந்தக் குளிர்காலம் முழுக்க என் கொட்டகை நிறைந்திருந்தது.

இன்னொன்று, கடலோர ஊர்களில் செப்டம்பரிலிருந்து மே வரைக்கும்தான் வீடு தருவார்கள். கோடையில் சுற்றுலாப் பயணிகளுக்கு விட்டால் அதிகம் கிடைக்கும் என்பதால் காலி செய்யச் சொல்லிவிடுவார்கள். ஒப்பந்தத்தில் தேதியைப் பாருங்கள். முன்பணம் ஒரு மாத வாடகை, முதல் மாத வாடகை, இதற்கு மேல் கேட்கக் கூடாது என்று 2021-இல் சட்டம் வந்திருக்கிறது. நம் ஊரில் பத்து மாத அட்வான்ஸ் கொடுத்துப் பழகிய சித்தப்பா இதை நம்பவே இல்லை.

ஞாயிறு, காசிமேடு

காலைப் பூசை முடிந்து அம்மாவோடு காசிமேடு போனேன். மீன்பிடித் தடைக்காலம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகள் எல்லாம் கட்டிக் கிடக்கும், ஃபைபர் படகுகள் மட்டும் போய்வரும். ஞாயிறு என்பதால் கூட்டத்துக்குக் குறைவில்லை, மீன்தான் குறைவு. வஞ்சிரத்தைக் கண்ணால் பார்த்துவிட்டு நகர்ந்தோம். நெத்திலியும் கொஞ்சம் கானாங்கெளுத்தியும் வாங்கினோம்.

கானாங்கெளுத்தியைப் பார்த்ததும் அம்மாவிடம் சொன்னேன், மேயோவில் இதே வகை மீன் கோடையில் கரைக்கு வரும். சின்னப் படகுத்துறையில் நின்று, ஒரே தூண்டில் நரம்பில் நாலைந்து கொக்கி கட்டி, கொக்கியில் இறகு சொருகிப் போட்டால் மாட்டும். ஊர்ப் பிள்ளைகள் எல்லாம் பிடிக்கிறார்கள். அங்கே அது பணக்கார மீன் இல்லை, வாளியோடு கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போவார்கள். நான் புளி கரைத்துக் குழம்பு வைத்துப் பக்கத்து வீட்டுப் பெரியவருக்கு ஒரு கிண்ணம் கொடுத்தேன். அவர் ரொட்டியைத் தொட்டுச் சாப்பிட்டுவிட்டு, கிண்ணத்தைத் திருப்பித் தரும்போது அதில் ஆறு முட்டை வைத்துக் கொடுத்தார். வெறும் கிண்ணத்தைத் திருப்பிக் கொடுக்கக் கூடாது என்பது அந்த ஊரிலும் உண்டு.

"கோயில் பக்கமா?" என்று அம்மா கேட்டார். பக்கம்தான், ஆனால் சாமியார் குறைவு. பல பங்குகளை ஒரே சாமியார் பார்த்துக்கொள்கிறார், ஞாயிறு பூசை ஊர் மாறி ஊர் நடக்கும். ஆனால் மேயோவில் நாக் என்று ஒரு திருத்தலம் இருக்கிறது. 1879-இல் மாதா காட்சி கொடுத்த இடம். மழையோ வெயிலோ ஜெபமாலையோடு ஜனங்கள் வந்துகொண்டே இருப்பார்கள், மலையாளிகளும் தமிழர்களும் நிறைய. ஜூலை கடைசி ஞாயிறு குரோ பாட்ரிக் மலை ஏறுவார்கள். 764 மீட்டர், உச்சியில் சரளைக்கல்தான். சிலர் வெறுங்காலோடு ஏறுவார்கள். வேளாங்கண்ணிக்கு நடந்தே போனவர் என் அம்மா. அந்த மலையைப் பற்றிக் கேட்ட பிறகு வீட்டுக்கு வரும் வரை வேறு எதையும் பேசவில்லை.

திங்கள், ராயபுரம்

தங்கச்சிக்கு ஸ்டீயரிங் பிடித்துப் பழக்கமே இல்லை. எதற்குப் பழக வேண்டும்? 1856-இல் தென்னிந்தியாவின் முதல் ரயில் புறப்பட்ட பேட்டை இது. பஸ், ஷேர் ஆட்டோ, 2021-லிருந்து விம்கோ நகர் வரை மெட்ரோ. தெருமுனைக்கு வந்தால் எங்கு வேண்டுமானாலும் போய்விடலாம்.

அங்கே அப்படி இல்லை. நடுவில் புல் முளைத்த ஒற்றைச் சாலையில் வீடு இருக்கும். நடைபாதை கிடையாது, தெருவிளக்கு கிடையாது. டிசம்பரில் காலை ஒன்பது மணிக்குக் கிட்டத்தான் விடியும், மாலை நாலரைக்குள் பொழுது சாய்ந்துவிடும். லோக்கல் லிங்க் என்ற கிராமப் பேருந்து இருக்கிறது, நல்ல சேவை. ஆனால் ராத்திரி ஷிஃப்ட் முடித்து வருகிறவளுக்கு அது உதவாது.

அதனால் கார் ஓட்டத் தெரிந்தே ஆக வேண்டும். நம் ஊர் உரிமத்தை அங்கே மாற்றித் தரமாட்டார்கள். முதலில் எழுத்துத் தேர்வு, அப்புறம் நம் எல்.எல்.ஆர். போல ஒரு கற்றுநர் அனுமதி, 12 கட்டாயப் பாடங்கள், கடைசியில் ஓட்டுத் தேர்வு. ஏற்கெனவே வெளிநாட்டு உரிமம் வைத்திருப்பவர்களுக்குப் பாடங்களில் சலுகை உண்டு. தேர்வுத் தேதிக்கு மாதக்கணக்கில் காத்திருக்க நேரும். அதுவரை கற்றுநர் தனியாக ஓட்டக் கூடாது, 2 வருடமாவது முழு உரிமம் வைத்திருக்கும் ஒருவர் பக்கத்தில் உட்கார வேண்டும். தனியாகப் போய் இறங்கும் பெண்ணுக்கு விடியற்காலை ஏழு மணி ஷிஃப்டுக்கு யார் பக்கத்தில் உட்காருவார்கள்?

சித்தி இதைக் கேட்டுக் கலங்கிவிட்டார். கலங்கட்டும் என்று சொல்லவில்லை, ஆனால் இங்கேயே தெரிந்துகொள்வது நல்லது. நம்மைப் போல இடது பக்கம் ஓட்டும் நாடு என்பது ஒரு நிம்மதி. இங்கே கற்றுக்கொண்டு உரிமமும் வாங்கிவிட்டுப் போனால் பாதிப் பயம் போய்விடும்.

செவ்வாய், ராயபுரம்

இன்று முழுக்கப் புயல் கதை. பக்கத்து வீட்டு அக்கா 2023 டிசம்பர் மிக்ஜாம் பற்றிப் பேச ஆரம்பித்தார். கரண்ட் போனது, தெருவில் தண்ணீர் நின்றது, எண்ணூர்ப் பக்கம் கொசஸ்தலை ஆற்றில் எண்ணெய் பரவிப் படகும் வலையும் கறுத்துப்போனது. மாடிவீட்டில் சமைத்து வாளியில் கயிறு கட்டிக் கீழே இறக்கியதைச் சொன்னார். அந்த நாட்களில் நான் மேயோவில் போனைக் கையில் வைத்துக்கொண்டு தூங்காமல் இருந்தேன்.

2025 ஜனவரி 24 எங்கள் முறை. எயோவின் புயல். கால்வே கரையில் மேஸ் ஹெட் என்ற இடத்தில் மணிக்கு 183 கிலோமீட்டர் காற்று பதிவானது, அயர்லாந்தில் அதுவரை பதிவானதில் அதுதான் அதிகம். நாடு முழுக்க 7,68,000 வீடுகளிலும் கடைகளிலும் மின்சாரம் போனது. மேற்குப் பக்கக் கிராமங்களில் சில வீடுகளுக்கு இரண்டு வாரம் தாண்டித்தான் திரும்ப வந்தது.

கிராமத்து வீட்டில் மின்சாரம் போனால் தண்ணீரும் போகும். கிணற்று மோட்டார் ஓடாது. மண்ணெண்ணெய்க் கொதிகலனைக் கிளப்பவும் கரண்ட் வேண்டும். போன் கோபுரமும் ஓய்ந்துவிடும். நான் முந்தின நாளே வீட்டிலிருந்த வாளி, அண்டா, குளிக்கும் தொட்டி எல்லாவற்றையும் நிரப்பி வைத்திருந்தேன். யாரும் சொல்லி நான் செய்யவில்லை. 2019 ஜூனில் ஏரிகள் எல்லாம் வற்றி, லாரித் தண்ணீருக்கு அம்மாவோடு குடம் வரிசையில் நின்றுவிட்டுத்தான் விமானம் ஏறினேன். தண்ணீர் வரும்போது பிடித்து வைக்க வேண்டும் என்பது வடசென்னைப் பெண்ணுக்கு யாரும் கற்றுத்தர வேண்டியதில்லை.

சாலை முழுக்க மரம். ஷிஃப்டுக்கு எப்படிப் போவது என்று வாசலில் நின்றபோது தூரத்தில் ரம்பச் சத்தம் கேட்டது. பண்ணைக்காரர்கள் டிராக்டரில் வந்து, அவரவர் வீட்டு முன்னால் கிடந்ததை அறுத்துத் தள்ளிக்கொண்டே வந்தார்கள். மதியத்துக்குள் ஒரு வண்டி போகும் அளவுக்கு வழி கிடைத்தது. முதியோர் இல்லத்தில் ஜெனரேட்டர் ஓடியது. வரமுடியாதவர்களுக்குப் பதில் இருந்தவர்கள் ஷிஃப்ட் மேல் ஷிஃப்ட் பார்த்தோம். ஊர் விளையாட்டு மன்றத்தைத் திறந்து வைத்து, யார் வேண்டுமானாலும் வந்து குளிக்கலாம், போன் சார்ஜ் போடலாம், சூடாகச் சாப்பிடலாம் என்றார்கள். பக்கத்து வீட்டுப் பெரியவர் தன் சமையலறை அடுப்பில் எனக்கும் சேர்த்துச் சூப் வைத்தார். அவர் வீட்டில் கரண்ட் இல்லாமல் சமைக்கும் பழைய இரும்பு அடுப்பு இருந்தது, எரிக்க டர்ஃப் இருந்தது. என் வீட்டில் இருந்த தண்ணீர் அவர் வீட்டுக்குப் போனது.

தங்கச்சி எழுதிக்கொண்டாள்: டார்ச், பவர் பேங்க், தண்ணீர் கேன், மின்சாரம் இல்லாமல் எரியும் அடுப்பு. அந்தப் பட்டியலில் முதல் வரியாக வேறொன்றை எழுதச் சொன்னேன். போய் இறங்கிய வாரத்திலேயே பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டி இன்னார் என்று சொல்லிக்கொள்ள வேண்டும்.

புதன், வியாசர்பாடி

என்னோடு படித்த தோழியின் பாட்டி வீட்டுக்குப் போனேன். பர்மாவிலிருந்து வந்த குடும்பம். பாட்டி பிறந்தது ஐராவதி டெல்டாவில் ஒரு நெல் கிராமத்தில். அவருடைய அப்பா காலத்திலேயே அங்கே போய் நிலத்தில் இறங்கியவர்கள். 1962-இல் நே வின் ஆட்சியைப் பிடித்தார், 1964-இல் கடைகள் எல்லாம் தேசியமயமாகின, 50, 100 கியாத் நோட்டுகள் செல்லாது என்று அறிவித்தார்கள். பாட்டி கப்பலில் சென்னைத் துறைமுகத்துக்கு வந்து இறங்கியவர். இப்போது பேரன் கடற்கரை ரயில் நிலையம் பக்கம் அத்தோ என்ற பர்மா நூடுல்ஸ் கடை போட்டிருக்கிறான்.

அத்தோவைத் தட்டில் வைத்துக் கொடுத்துவிட்டு, "அங்க உனக்கு என்னா காயிதம் இருக்கு?" என்று கேட்டார். வேறு யாரும் இதுவரை கேட்காத கேள்வி. ஸ்டாம்ப் 4 என்றேன். "அது அவங்க குடுத்தது. புடுங்கிக்கலாம்ல?" என்றார்.

ஐந்து வருடக் குடியிருப்பு முடிந்ததால் ஐரிஷ் குடியுரிமைக்கு எழுதிப்போடலாமா என்று ரொம்ப நாளாக யோசித்துக்கொண்டிருக்கிறேன். விண்ணப்பத்துக்கு 175 யூரோ, கிடைத்த பிறகு சான்றிதழுக்கு 950 யூரோ. பணம் பெரிய விஷயமில்லை. இந்தியா இரட்டைக் குடியுரிமையை ஏற்பதில்லை, நீல பாஸ்போர்ட்டை ஒப்படைக்க வேண்டும். வெளிநாட்டுக் குடியுரிமை வாங்கிய இந்தியர்களுக்கான ஓ.சி.ஐ. அட்டை கிடைக்கும், ஆனால் அதை வைத்து ஓட்டுப் போட முடியாது, விவசாய நிலம் வாங்க முடியாது. அங்கேயோ, குடியுரிமை இல்லாதவர்களும் உள்ளாட்சித் தேர்தலில் ஓட்டுப் போடலாம். 2024 ஜூனில் நானும் போட்டேன். சாலைக் குழியைப் பற்றிக் கேட்க வீட்டுக்கு வந்த வேட்பாளருக்கு டீ கொடுத்து அனுப்பினேன். அந்த ஓட்டு எனக்குப் பெரிய மரியாதையாக இருந்தது. ஆனால் நாடாளுமன்றத் தேர்தலில் போட முடியாது.

பாட்டி தன் ஊர் நிலத்தை இன்னும் வரப்பு வரப்பாகச் சொல்கிறார். எந்த மூலையில் பனை நின்றது என்பது வரை. நான் விண்ணப்பம் போடப்போகிறேன். இன்றைக்குத்தான் மனது ஒரு நிலைக்கு வந்தது.

வியாழன், ராயபுரம்

எங்கள் தெருவில் ஒரு தாத்தா காலமானார். ஷாமியானா, நாற்காலி, மேளம், பூ, தெருவே வீடாகிவிட்டது. அம்மா காலையிலேயே போய் உட்கார்ந்துவிட்டார். நானும் போனேன்.

தங்கச்சிக்கு மட்டுமில்லாமல், கிராமத்துக்குப் போகிற எல்லோருக்கும் இதைச் சொல்ல வேண்டும்: சாவுக்குப் போங்கள். மேயோவில் உள்ளூர் ரேடியோவில் தினமும் காலமானவர்கள் பெயரை வாசிப்பார்கள், வேலையை நிறுத்திவிட்டுக் கேட்பார்கள். உடலை வீட்டில் வைத்திருக்கும் மாலையில் ஊரே வரிசையில் நிற்கும். உள்ளே போய்க் குடும்பத்தார் ஒவ்வொருவர் கையையும் பிடித்து வருத்தம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். சமையலறையில் பக்கத்து வீட்டுப் பெண்கள் சாண்ட்விச் வெட்டிக்கொண்டிருப்பார்கள், ஆண்கள் வெளியே மினுங்கும் மஞ்சள் சட்டை போட்டுக்கொண்டு வண்டிகளுக்கு வழி காட்டுவார்கள். எங்கள் பக்கம் குழியைக்கூட அக்கம்பக்கத்தாரே வெட்டுகிறார்கள். எங்கள் இல்லத்தில் இருந்த ஒரு பாட்டி இறந்தபோது அவர் ஊருக்குப் போய் நானும் டீ ஊற்றினேன். அதற்கப்புறம் அந்தச் சாலையில் எதிரே வரும் ஒவ்வொரு காரிலும் ஸ்டீயரிங்கிலிருந்து ஒரு விரல் எனக்காக உயர்கிறது. அது அங்கே வணக்கம்.

அம்மா கூட வருவது பற்றி: சுற்றிப்பார்க்க 90 நாள் வரை விசா கிடைக்கும். நிரந்தரமாக அழைத்து வைத்துக்கொள்வது ரொம்பக் கடினம், பிள்ளையின் வருமானம் நிறைய இருக்க வேண்டும், முழு மருத்துவக் காப்பீடு வேண்டும். அம்மாவுக்குச் சர்க்கரை இருக்கிறது. கிராமத்தில் டாக்டர்களிடம் பட்டியல் நிரம்பிவிட்டது என்பார்கள், புதிதாகச் சேர்த்துக்கொள்ள மாட்டார்கள். இங்கே ஸ்டான்லி ஆஸ்பத்திரி கூப்பிடு தூரத்தில். அம்மாவே சொல்லிவிட்டார், "ஜூலைல வரேன், மலை ஏறிட்டு வந்துடறேன்." ஜூன் மாதமே விண்ணப்பம் போட வேண்டும்.

வெள்ளி, ராயபுரம்

தங்கச்சி நேற்று ராத்திரி முதியோர் இல்லத்துக்கு மின்னஞ்சல் அனுப்பினாள். வீட்டில் கிணறா, ஊர்த் திட்டத் தண்ணீரா. கடைசிப் பரிசோதனைச் சீட்டு கிடைக்குமா. மண்ணெண்ணெய்த் தொட்டியில் எவ்வளவு இருக்கிறது. வீட்டுக்கு ஏர்கோடு என்ன. (2015-லிருந்து ஒவ்வொரு முகவரிக்கும் எழுத்தும் எண்ணும் கலந்து ஏழு இடத்தில் தனிக் குறியீடு இருக்கிறது. கதவு எண்ணோ தெருப் பெயரோ இல்லாத ஊரில் ஆம்புலன்ஸுக்குச் சொல்ல அதுதான் வழி.) சித்தி பயந்தார், இத்தனை கேட்டால் வேலையே இல்லை என்று சொல்லிவிடுவார்களோ என்று. மதியம் பதில் வந்தது, மரியாதையான பதில். கிணறுதான், பரிசோதனை போன வருடம், சீட்டை அனுப்புகிறோம் என்றார்கள். இல்லத்திலிருந்து வீடு 9 கிலோமீட்டர், பஸ் கிடையாது.

அந்த 9 கிலோமீட்டரை வைத்து ராத்திரி வரை பேசினோம். முதல் ஆறேழு மாதம் ராஸ்காமன் டவுனில் அறை எடுத்து, கூட வேலை செய்கிறவர்களின் காரில் போய்வருவது, உரிமம் வந்த பிறகு கிராமத்து வீட்டைப் பார்ப்பது என்று முடிவு. வாடகை கொஞ்சம் கூடும், பரவாயில்லை. சித்தப்பா நகைப் பேச்சை விட்டுவிட்டு டிரைவிங் ஸ்கூல் கட்டணம் எவ்வளவு என்று விசாரித்துக்கொண்டு வந்தார். திங்கள் முதல் தண்டையார்பேட்டையில் வகுப்பு. காலை ஐந்தரைக்கே வரச் சொல்லியிருக்கிறார் மாஸ்டர், துறைமுகத்துக்குப் போகும் கண்டெய்னர் லாரிகள் சேர்வதற்குள் ஒரு சுற்று முடித்துவிட வேண்டுமாம்.